குளிரில் விறைத்தவருக்கு எது உதவும்: தீயா, போர்வையா, பெரிய ஆஸ்பத்திரியா?

டிசம்பர் லீவுக்கு உத்தரகண்டில் இருக்கிற கேதார்காந்தா பனிமலை ஏறப் போகிறோம் என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கூட்டம் பை கட்டிக்கொண்டிருக்கிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துப் பெரியவர்கள் சீசனுக்குச் சீசன் கேதார்நாத், முக்திநாத் என்று கிளம்பிவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாங்குகிற ஊர் நம்முடையது, வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்தால் நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளிரில் ஒருவர் விறைத்துப்போனால் என்ன செய்வது என்று எங்கள் பயணக் குழுவில் கேட்டபோது ஆளுக்கொரு பதில் வந்தது. தீ மூட்டிப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்றார் ஒருவர். தைலம் போட்டு உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். "ரெண்டு மூடி பிராந்தி ஊத்துனா தன்னால சூடு ஏறிரும்லா" என்று ஒரு அண்ணாச்சி. கடைசியாக ஒரு தம்பி சொன்னது: "நாடி நின்னுட்டுன்னா அவ்வளவுதாண்ணே, உடம்பைக் கீழ இறக்குற வழியைத்தான் பாக்கணும்."

அந்தக் கடைசிப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குளிரில் விறைத்தவர் விஷயத்தில் அது பல நேரம் தப்பு, அந்தத் தப்பில் ஓர் உயிர் போய்விடலாம்.

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன், ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒரு நிலையில் உயிர் காக்கிற வைத்தியம் இன்னொரு நிலையில் ஆபத்து. உடம்பின் உள்வெப்பம் சாதாரணமாக 37 டிகிரி. 35-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. 35 முதல் 32 வரை ஆள் வெடவெடவென்று நடுங்குவார், ஆனால் பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். 32-க்குக் கீழே நடுக்கம் குறைந்து நின்றுவிடும், பேச்சு குழறும், தூக்கம் தூக்கமாக வரும், சிலர் "எரியுது" என்று போட்டிருக்கிற துணியையே கழற்றி எறிவார்கள். 28-க்குக் கீழே நினைவு தப்பும், இதயம் சின்ன அதிர்ச்சிக்கே தாளம் தப்பி நிற்கிற நிலைக்கு வந்துவிடும். 24-க்கும் கீழே போனால் பார்க்கிற யாரும் செத்துவிட்டார் என்றுதான் சொல்வார்கள்.

வீட்டில் இருக்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. பாதரசக் குழாயில் 35-க்குக் கீழே கோடே கிடையாது, டிஜிட்டலில் பெரும்பாலும் 32-க்குக் கீழே 'லோ' என்று மட்டும்தான் வரும். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரும் சில்லிட்ட விரலில் ஒழுங்காகக் காட்டாது. ஆகவே நடுக்கத்தையும் பேச்சையும்தான் நம்ப வேண்டும். நடுக்கம் நின்றுவிட்டால் குளிர் விட்டுவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு, இதில் மிக ஆபத்தான தப்பு அதுதான்.

இதற்கு இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டிப் பக்கம் மழைக் காலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே பனி விழுவதில்லை, ஆனால் நாள் முழுக்க விடாத மழையும் காற்றும் போதும். எங்களோடு வந்த ஒரு பெரியப்பா அங்கே நனைந்த வேட்டியோடு ரொம்ப நேரம் நின்றார். "குளிருதா பெரியப்பா?" என்றால் "சேச்சே, ஒண்ணும் இல்லப்பா" என்று சிரித்தார். மாற்றுச் சட்டையைக் கொடுத்தபோதுதான் கவனித்தேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை, முதல் பட்டனைப் பிடிக்கிறார், நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறார், நழுவுகிறது, ஏன் முடியவில்லை என்று அவருக்கே விளங்காமல் பட்டனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் முதல் அடையாளம். விரல் வேலை செய்யாமை, தடுமாற்றம், முனகல், பிறகு மந்தம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நம் பக்கத்தில் எத்தனை வயசானவர்கள் ஈரத் துணியோடு மொட்டை மாடியில் ராத்திரியைக் கழித்தார்கள்! உறைபனி இல்லாமலே, ஈரமும் காற்றும் வயசும் சேர்ந்தால் உடம்பு 35-க்குக் கீழே இறங்கிவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்கிறது.

சரி, நடுங்கிக்கொண்டு பேசுகிறவருக்கு எந்த வழி? இங்கே பிராந்தியை முதலில் தள்ளிவிடுகிறேன். சாராயம் தோலுக்குக் கீழே இருக்கிற ரத்தக் குழாய்களை விரிக்கிறது, அதனால் முகம் சூடான மாதிரி தோன்றுகிறது, உண்மையில் உள்ளே மிச்சமிருக்கிற சூடு வெளியே போகிறது. நடுக்கத்தையும் அடக்கிவிடும், ரத்தச் சர்க்கரையையும் இறக்கும். அண்ணாச்சிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. கை கால் தேய்ப்பதும் வேண்டாம். மரத்துப்போன தோல் தேய்க்கத் தேய்க்கப் புண்ணாகும், கை காலில் தேங்கியிருக்கிற சில்லிட்ட ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும்.

தீ மூட்டுவது இவரைக் கொன்றுவிடாது, ஆனால் நல்ல வழியும் இல்லை. ஒரு பக்கம் வேகிறது, மறுபக்கம் காற்று அடிக்கிறது, மரத்த தோலுக்குச் சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடுகிறது. மழையிலும் பனியிலும் விறகு தேடி அலைகிற நேரத்தில் ஆளைக் காய்ந்த துணிக்குள் போட்டிருக்கலாம். கூடாரத்துக்குள் அடுப்புப் பற்ற வைப்பது இன்னும் மோசம், அந்தப் புகையில் தூங்கினவர்கள் எழுந்திருக்காமல் போவது ஒவ்வொரு குளிர்காலமும் செய்தியில் வருகிறது.

இந்த நிலையில் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது அவருடைய நடுக்கமேதான். உடம்பு தானே சூடு உண்டாக்குகிற எந்திரம் அது, அதற்குத் தீனி போட்டால் போதும். ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி தட்டிப்போட்ட சுக்குக் காப்பியைவிட இதற்குத் தோதானதை நான் பார்த்ததில்லை. அதிலே இருக்கிற சூடு கொஞ்சம்தான், வேலை செய்வது கருப்பட்டி. நினைவு தெளிவாக இருந்து, விழுங்க முடிந்தால் மட்டும் கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து, தின்று, தேறிய பிறகு மெதுவாக நடக்கலாம்.

நடுக்கம் நின்று குழறுகிறவர் விஷயம் வேறு. நடக்க வைக்கவே கூடாது, உட்காரவும் வைக்கக் கூடாது. எழுப்பி நிறுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், நான்கு அடி வைப்பதற்குள் இதயம் நின்றுவிடலாம். படுத்த வாக்கிலேயே, முட்டை எடுக்கிற பக்குவத்தில் கையாள வேண்டும். ஈரத் துணியை இழுத்துக் கழற்றாமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். தரை வழியாகத்தான் நிறையச் சூடு போகும், அதனால் முதலில் அடியில் பாய். பயணப் பாய் இல்லாவிட்டால் எல்லோருடைய முதுகுப் பையையும் காலி செய்து பரப்பிப் போடலாம். அதன்மேல் தார்ப்பாலின் அல்லது பெரிய பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் தூங்கும் பை, நடுவில் ஆள். தலைக்குக் குல்லா. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி அக்குள் இரண்டிலும் நெஞ்சின்மேலும் வைக்க வேண்டும், கை காலில் வைக்கக் கூடாது, நேரடியாகத் தோலில் படவும் கூடாது. கடைசியில் ஷீட்டை இழுத்து மூடி, முகம் மட்டும் தெரிய, காற்றுப் புகாமல் கட்டிவிடுவது.

அங்கேயே வைத்துச் சூடாக்குவதா, தூக்கிக்கொண்டு போவதா என்றால், இந்த நிலைக்கு என் பதில் கட்டித் தூக்கிக்கொண்டு போவதுதான். மலையில் நம்மால் செய்ய முடிந்தது இருக்கிற சூடு போகாமல் தடுப்பது மட்டும், ஏற்ற முடியாது. இதயம் துடிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருக்கிற சாதாரண ஆஸ்பத்திரி கூடப் பலருக்குப் போதும். வெப்பக் காற்று ஊதுகிற போர்வை, சூடாக்கிய டிரிப்ஸ், மானிட்டர், அனுபவமுள்ள ஒரு டாக்டர். 1980 டிசம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜீன் ஹில்லியர்ட் என்கிற 19 வயதுப் பெண், கார் பனியில் மாட்டியதால் நடந்து போய், நண்பர் வீட்டு வாசலில் விழுந்து ராத்திரி முழுக்கக் கிடந்தார். உடம்பு கட்டை மாதிரி விறைத்து, ஊசி இறங்கவில்லை. நாடி மட்டும் மிக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரி அது, சூடேற்றுகிற பட்டைகளை வைத்தே காப்பாற்றிவிட்டார்கள்.

இதயம் நின்றுவிட்டால்தான் கணக்கு மொத்தமும் மாறுகிறது. அந்தத் தம்பி "அவ்வளவுதான்" என்றானே, அந்த இடம்.

1999 மே 20. நார்வேயில் நார்விக் ஊருக்கு வெளியே பனிச்சறுக்குப் போன சுவீடன் நாட்டு டாக்டர் அன்னா பாகன்ஹோல்ம் ஓர் ஓடையின் பனிக்கட்டிக்குக் கீழே தலைகுப்புறச் சிக்கிக்கொண்டார். கூட வந்த இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டு உதவிக்குப் போன் போட்டார்கள். பனிக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று கிடைத்ததால் சுமார் 40 நிமிடம் உள்ளேயே உயிரோடு அசைந்துகொண்டிருந்தார், பிறகு அடங்கினார். வெளியே எடுக்கும்போது மொத்தம் 80 நிமிடம் ஆகியிருந்தது. மூச்சு இல்லை, நாடி இல்லை. ஹெலிகாப்டரில் வழி முழுக்க நெஞ்சை அமுக்கிக்கொண்டே திரோம்சோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே உள்வெப்பம் 13.7 டிகிரி. டாக்டர் மாட்ஸ் கில்பெர்ட் குழு, ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி உள்ளே விடுகிற இதய நுரையீரல் மிஷினில் இணைத்தது. இதயம் மறுபடி துடித்தது. கண் விழித்தபோது கழுத்துக்குக் கீழே அசைவில்லை, வாரக்கணக்கில் வென்டிலேட்டர், கை நரம்புகளில் பாதிப்பு கொஞ்சம் தங்கிவிட்டது. ஆனால் மூளை முழுசாகத் திரும்பியது, அதே வருஷம் வேலைக்குப் போனார், பின்னால் அவரைக் காப்பாற்றிய அதே ஆஸ்பத்திரியில் ரேடியாலஜி டாக்டராக வேலை பார்த்தார்.

இது ஒரே ஒரு அதிசயம் என்று தள்ளிவிட முடியாது. 2011 பிப்ரவரியில் டென்மார்க்கில் பிரெஸ்தோ கடற்கழியில் பள்ளிப் பிள்ளைகள் போன படகு கவிழ்ந்தது, தண்ணீர் 2 டிகிரி. இதயம் நின்றுபோன ஏழு பிள்ளைகளையும் எக்மோவில், அதாவது அன்னாவுக்கு வைத்த மாதிரி ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கித் திருப்பி விடுகிற மிஷினில், சூடேற்றினார்கள், ஏழு பேரும் பிழைத்தார்கள். 2014 நவம்பரில் போலந்தில், இரவு உடையோடு வெளியே போய்விட்ட இரண்டு வயதுக் குழந்தை 11.8 டிகிரிக்கு இறங்கி, கிராக்கோவில் பிழைத்தது. 2019-இல் ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் சிக்கிய ஒரு பெண்ணுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் இதயம் நின்றிருந்தது, பார்சிலோனாவில் எக்மோ அவரை மீட்டது.

இதெல்லாம் எப்படி நடந்தது? உடம்பு குளிரக் குளிர மூளை கேட்கிற ஆக்சிஜன் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீதம் குறைந்துகொண்டே வரும். 28 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான் தேவை. 18 டிகிரியில் ரத்த ஓட்டம் இல்லாமல் மூளை தாங்குகிற நேரம் சாதாரணத்தைப்போல் பத்து மடங்கு வரை நீளலாம். அடுப்பைச் சிம்மில் வைத்தால் மிச்சம் இருக்கிற கேஸ் ரொம்ப நேரம் வருகிற மாதிரி. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாயான மகாதமனியில் சிக்கலான ஆபரேஷன் செய்யும்போது நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே நோயாளியை 18, 20 டிகிரிக்குக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தி வேலை பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, முழு முடிவும் அதன்மேல்தான் நிற்கிறது. மூச்சு அடைபடுவதற்கு முன்னால் குளிர் வந்திருக்க வேண்டும். அன்னாவுக்குக் காற்று இருந்தது, குளிர்ந்தார், அதன் பிறகு இதயம் நின்றது. மூச்சு முதலில் அடைத்துப்போய் அப்புறம் உடம்பு சில்லிட்டிருந்தால் அந்தச் சில்லிப்பால் பெரிய பலன் இல்லை.

இதனால்தான் தாமிரபரணியில் மூழ்கியவரோடு இந்தக் கதைகளைப் போட்டுக் குழப்பக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். பாபநாசம் படித்துறையிலும் சரி, குறுக்குத்துறையிலும் சரி, நம் ஆற்றுத் தண்ணீர் மூளையைக் காப்பாற்றுகிற அளவு குளிர் கிடையாது. அங்கே மணிக்கணக்கு கிடையாது, சில நிமிடங்கள்தான். இங்கே செய்ய வேண்டியது கரையிலேயே, அந்த நொடியிலேயே, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அமுக்கத் தொடங்குவது, இன்னொருவர் 108-ஐக் கூப்பிடுவது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் அந்தச் சில நிமிடங்களைத் தின்றுவிடும். "ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பாத்துக்கிடலாம்" என்று மூச்சுக் கொடுக்காமல் ஆட்டோவில் போடுவதும் அப்படித்தான்.

பனியில் விறைத்தவருக்கோ அவசரம் வேறு மாதிரி. முதலில் நாடியையும் மூச்சையும் முழுசாக ஒரு நிமிடம் பாருங்கள், பத்து வினாடி போதாது, நிமிடத்துக்கு ஏழெட்டுத் துடிப்பு மட்டும் இருக்கலாம். இல்லவே இல்லை என்றால் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். பாதையில் தூக்கிக்கொண்டு போகும்போது அமுக்க முடியாதே, அங்கேயே நிற்பதா நகர்வதா என்றால், இதற்கும் விதி இருக்கிறது. குளிரால்தான் நின்றது என்று உறுதியாக இருந்து, வெப்பம் 28-க்குக் கீழே அல்லது அளக்க முடியாத நிலை என்றால், 5 நிமிடம் அமுக்கி, 5 நிமிடத்துக்கு மிகாமல் தூக்கி நடந்து, மறுபடி 5 நிமிடம் அமுக்கலாம். வேறு காரணத்தால் இதயம் நின்றவர் யாருக்கும் இந்த இடைவெளி கூடாது. மார்பே அமுங்காத அளவு உறைந்திருந்தால், பிழைக்க முடியாத காயம் இருந்தால், அல்லது தூக்குகிறவர்கள் உயிருக்கே ஆபத்து என்றால், அங்கே விடுவதில் குற்றம் இல்லை.

எந்த ஆஸ்பத்திரி? இதயம் நின்றவருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி போதாது என்பதுதான் என் முடிவு. போர்வையும் சூடான டிரிப்ஸும் வேலை செய்ய ரத்தம் ஓட வேண்டும், ஓடாத உடம்பில் தோல்தான் சூடாகும். எக்மோ மணிக்கு 6 டிகிரிக்கு மேல் கூட ஏற்றும், ஏற்றுகிறபோதே ரத்த ஓட்டத்தையும் ஆக்சிஜனையும் கொடுக்கும். செலவு லட்சங்களில் போகும், தெரியும். ஆனாலும் ஆறு மணி நேரத்துக்குள் எக்மோ இருக்கிற இடத்தை எட்ட முடியும் என்றால், வழியில் அமுக்கிக்கொண்டே நேரே அங்கே போவதுதான் சரி. எட்டவே முடியாது என்றால் மட்டும் கிடைத்த ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் வெதுவெதுப்பான சலைன் விட்டுக் கழுவிச் சூடேற்றுகிற வழி இருக்கிறது. பைபாஸ் ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரி என்றால் இதய நுரையீரல் மிஷின் அங்கே இருக்கும், அதையும் கேட்கலாம். பலன் உண்டா என்று டாக்டர்கள் ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார்கள், 12-க்கு மேல் போயிருந்தால் செல்கள் ஏற்கெனவே செத்துவிட்டன என்று அர்த்தம், அப்போது நிறுத்துவார்கள். அதுவரை, சூடாக்கிப் பார்க்காமல் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவதில்லை என்பதுதான் உலகம் முழுக்க மலை மீட்பு டாக்டர்கள் வைத்திருக்கிற வழக்கம்.

இதில் பொய் நம்பிக்கையும் கொடுக்க விரும்பவில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் 19 மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமின்மேல் பனிச்சரிவு விழுந்தது, தமிழ்நாட்டு வீரர்கள் நால்வரும் அதில் இருந்தார்கள். ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு தோண்டி எடுத்தபோது நாடே கும்பிட்டது. டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்தும், சிறுநீரகமும் கல்லீரலும் நுரையீரலும் கைவிட, 11-ஆம் தேதி போய்விட்டார். பனியிலிருந்து வெளியே எடுப்பதோடு முடிவதில்லை, சூடேறி ரத்தம் மறுபடி ஓடத் தொடங்குகிறபோதுதான் உறுப்புகளுக்குச் சோதனை, அதற்குத்தான் தேர்ந்த ஐசியூ வேண்டும்.

அதனால் கேதார்காந்தா தம்பிகளுக்கு நான் சொல்வது இது. ஆளுக்கொரு ஜாக்கெட்டுக்குச் செலவழிக்கிறீர்கள், குழுவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட், கூடுதலாக ஒரு பாய், ஒரு தூங்கும் பை, மழுங்கிய முனையுள்ள கத்தரி, வெந்நீர் தாங்குகிற மூன்று பாட்டில், ஒரு கட்டி கருப்பட்டி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஹெலிகாப்டர் மீட்பு அதில் வருமா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று படித்துப் பாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் டேராடூன் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு, எக்மோ இருக்கிறதா, ராத்திரியில் இயக்க ஆள் உண்டா என்று கேளுங்கள், மலையேற்றம் தொடங்குகிற சாங்க்ரியிலிருந்து அங்கே போய்ச் சேர ரோட்டில் எவ்வளவு நேரம் என்று வழிகாட்டியிடம் கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நம்பர்களைச் செல்லில் மட்டும் வைக்காதீர்கள், குளிரில் சார்ஜ் நிற்காது. தாளில் எழுதி லேமினேட் போட்டு, ஒன்று வழிகாட்டி பையில், ஒன்று கடைசியாக நடந்து வருகிறவர் பையில்.